எந்தத் தோளுக்கு வெட்டிய மரம்

வாருங்கள். இந்த மேசையைச் சுற்றி நெருங்கி நில்லுங்கள். பின்னால் நிற்பவர்களும் முன்னால் வரலாம். இங்கே மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. மறைத்தவர்கள்தாம் இருக்கிறார்கள்.

பச்சைத் துணியின் மேல் கிடக்கும் இந்தத் துப்பாக்கியின் அடிவயிற்றில் இரண்டு திருகுகள் உள்ளன. அவற்றின் தலைகளைப் பாருங்கள். நேற்று மாலை வரை அவற்றின் பிளவுகள் கோடு கிழித்தாற்போல நேராக இருந்தன. இன்று காலையில் ஓரங்கள் பிதுங்கி, ஒரு பக்கம் பிய்ந்து, பளபளவென்று புதுக் காயத்தோடு கிடக்கின்றன. பொருந்தாத திருப்புளியை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, எவனோ ஓர் அவசரக்காரன் திருகியிருக்கிறான்.

திருகுகளுக்கு நேர்ந்தது சின்னக் குற்றம். அவற்றைக் கழற்றிவிட்டு அவன் எடுத்துச் சென்றது எதை? அதற்குத்தான் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றுதான் வாசலில் நுழைந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. அப்பா காலமாகி அரை வருடம் ஆகிறது. அவர் விட்டுச் சென்றவற்றில் இந்தப் பழைய ரிம்ஃபயர் துப்பாக்கியும் ஒன்று. தோட்டாவின் நடுவில் அடிக்காமல் அதன் விளிம்பில் ஊசி அடித்துச் சுடும் வகை. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. காகித அட்டையில் வரைந்த வட்டத்தின் நடுப்புள்ளியைத் துளைப்பதற்கென்றே செய்தது.

இந்தத் துப்பாக்கியைக் கொண்டுதான் அப்பா தபால் போட்டியில் கோப்பை வென்றார் என்று ஊர் சொல்கிறது. தபால் போட்டி என்றால், ஒவ்வொரு துப்பாக்கிச் சங்கத்தாரும் தங்கள் கூடத்திலேயே சுட்டு, துளைபட்ட அட்டையைத் தபாலில் அனுப்புவார்கள். எங்கோ இருக்கும் நடுவர்கள் துளைகளை எண்ணி வெற்றியாளரை அறிவிப்பார்கள். சுட்ட முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதற்குத்தான் கோப்பை.

சென்ற வாரம் அம்மா தன் மகளிடம் மூன்றே சொல்லில் ஒன்றைச் சொன்னார்: "அதைச் சுட்டது நான்."

மகளுக்கு அது புதிய செய்தி. ஆனாலும் அவள் வியக்கவில்லை. காரணம், அவள் தொழில். பழைய விளையாட்டுத் துப்பாக்கிகளை மதிப்பிட்டுக் குறிப்பு எழுதும் பணி அவளுடையது. இதே ஏலக் கூடத்தில், இதே மேசையில். தோளில் பதியும் மரக்கட்டை நாலு விரல் அளவுக்கு வெட்டிக் குறைக்கப்பட்டிருந்ததை அவள் முதல் நாளே கண்டாள். அப்பா ஆறடி. ஆறடி மனிதன் தன் துப்பாக்கியை ஏன் குட்டையாக்க வேண்டும்?

அந்தக் கேள்வி கேட்ட கட்டைதான் நேற்றிரவு காணாமல் போனது. அதன் இடத்தில் வெட்டுப்படாத, நீளமான, வேறொரு கட்டை.

மகள் கட்டையின் முனையை மூடியிருந்த அடித்தகட்டைத் திறந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். அதற்கு வேலையே இல்லாமல் அண்ணன் உள்ளே வந்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன்; கதவைக்கூட கியர் மாற்றுவதுபோல்தான் தள்ளுவான்.

"அண்ணா, நேத்து இங்க வந்தியா?"

"வந்தேன். உங்க முதலாளிகிட்ட சாவி வாங்கித்தான் வந்தேன். சுவர் ஏறிக் குதிக்கல."

"கட்டையில நம்பர் வேற. குழல்ல ஒண்ணு, போல்ட்ல அதே நம்பர், இந்த மரத்துக்கு அடியில வேற ஒண்ணு."

"அதைக் கழட்டிப் பாக்கிறவங்க உன்னைத் தவிர யாரு?"

"என் வேலையே அதுதானே."

"ஒரு வரி எழுதாம விட்டா வேலை போயிடுமா?"

"அந்த ஒரு வரிக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவனைப் பேராசைக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். அப்படி இருந்தால் இந்தக் கதை எனக்கு எளிது.

"எனக்குக் காசு வேணாம். விக்கிறது முழுசும் அம்மாவுக்கே. அப்பாவோட சங்கமே வாங்கிக்கிறேங்குது. கண்ணாடிப் பெட்டியில வைக்கும், அப்பா படத்துக்குக் கீழ. செஞ்ச அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கட்டும்னு அதே மாடல் கட்டையைத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். கண்டவன் வெட்டின கட்டையோட எப்படி வைக்கிறது?"

"கண்டவன் வெட்டல. யாரு வெட்டினதுன்னு கேட்டேன், அம்மா சொன்னாங்க."

"அம்மா பேச்சை விடு. அப்பா போனதுல இருந்து என்னென்னவோ பேசறாங்க."

என்னென்னவோ. ஒரு பெண் தன் வாழ்நாளில் பேசிய ஒரே உரிமைப் பேச்சுக்கு, பெற்ற பிள்ளை வைத்த பெயர் அது. நீங்களும் நானும் இதைவிட நல்ல பெயர் வைத்திருக்கிறோமா என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

"பழைய கட்டை எங்க அண்ணா?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று பார்வை நாள். ஏலத்துக்கு முன்னால் வாங்க விரும்புகிறவர்கள் வந்து, பொருளைக் கையில் எடுத்து, புரட்டி, குழலுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் நாள். சேகரிப்பவர்கள் வந்தார்கள். ஏலத்தை நடத்தும் முதலாளி வந்தார். ஊரெல்லாம் அவரைச் 'சுத்தியல்' என்றே அழைக்கும். சங்கத்தின் செயலாளரும் வந்தார். வெயிலிலும் கழற்றாத கோட்டு, அதன் மார்பில் சங்கத்தின் சின்னம்.

"வாங்க சார், எடுத்துப் பாருங்க. எங்கப்பா கைபட்டது," என்று அண்ணன் துப்பாக்கியைத் தூக்கினான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தான், முன்னுக்குத் தள்ளினான். "சத்தத்தைக் கேளுங்க. இன்னிக்கும் கடிகாரம் மாதிரி."

விசையை இழுத்தான். டிக் என்றது.

"வெறுமனே அடிக்காதடா."

வாசலிலிருந்து வந்தது குரல். அதில் கோபமில்லை. அடுப்பை அணை, குழாயை மூடு என்று சொல்லும் அதே குரல்.

"தோட்டா இல்லாம அடிச்சா ஊசி நேரா தோட்டா உக்கார்ற அறையோட விளிம்புல போய் முட்டும். பள்ளம் விழும். அப்புறம் தோட்டா உள்ளயும் போகாது, வெளியயும் வராது. ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லிக் குடுக்கிற. உனக்கு நிறுத்தத் தெரியலையே."

சேகரிப்பவர்களில் இருவர் தலையை ஆட்டினார்கள். ரிம்ஃபயர் வைத்திருப்பவர்களின் முதல் பாடம் அது. சாம்பியனின் மகனுக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அம்மா உள்ளே வந்தார். உயரம் ஐந்தடி இருந்தால் அதிகம். குளித்த குழந்தையைத் துவட்டித் தூக்கிவருவதுபோல், பூத்துண்டில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்திருந்தார்.

"அண்ணி, நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்?" செயலாளர் ஒரு நாற்காலியை நகர்த்தினார். "ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே."

"குப்பை வண்டி வந்துட்டிருந்துச்சு தம்பி. அது எடுக்கிறதுக்கு முன்னாடி நான் எடுக்க வேண்டியதாப் போச்சு."

அண்ணன் தரையைப் பார்த்தான். மகள் துண்டைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு மரமூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"அதை இங்க குடுடா," என்றார் அம்மா.

துண்டு மூட்டையை மேசையில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கினார். குழலை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பினார். போல்ட்டைத் திறந்து, சுண்டுவிரலை நுழைத்து, அறை காலியாக இருப்பதைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகே தூக்கினார், இடத் தோளுக்கு.

பொருந்தவில்லை. நீளக் கட்டையின் முனை அக்குளில் இடித்தது. கன்னம் எட்டவில்லை. குழல் தடுமாறி மேலும் கீழும் ஆடியது. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்.

"கனமான சாமான் அண்ணி," என்றார் செயலாளர், கனிவாக. அந்தக் கனிவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு கையில் நாற்காலி, மறுகையில் பூட்டு. "அண்ணன் ஆறடி ஆளு. அவரோட துப்பாக்கி உங்களுக்கு எப்படி?"

"கனம் இல்ல தம்பி. நீளம். இதுல இரும்பு என்னுது. மரம் யாரோடதோ." அம்மா அதை மேசையில் வைத்தார். மகளிடம் திரும்பினார். "மாட்டிக் குடும்மா."

மகள் முதலாளியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கிற? பார்வை நாள். பாக்கத்தானே கூப்பிட்டிருக்கோம்," என்றார் சுத்தியல்.

அவள் இழுப்பறையிலிருந்து சரியான திருப்புளியை எடுத்தாள். வேலை செய்துகொண்டே பேசினாள். கூட்டத்துக்குத்தான் பேசினாள், ஆனால் கண் அண்ணன் மேல்.

"திருகுத் தலை சேதம்னு எழுதணும். யார் செஞ்சதுன்னும் எழுதவா?"

"ரொம்ப முக்கியம்," என்றான் அவன்.

"எங்க தொழில்ல முக்கியம்தான். புதுசா மெருகு ஏத்தினா மதிப்புப் போச்சு. கருநீலப் பூச்சு கைபட்டுத் தேஞ்சிருந்தா அது தேய்மானம்; தேச்சு எடுத்துட்டுப் புதுசா பூசியிருந்தா அது பொய். தேய்மானத்துக்கு விலை உண்டு. பொய்க்குக் கிடையாது. இந்தக் குழலைப் பாருங்க, ஒரு தடவைகூட மறுபூச்சு பார்க்கல. குறிபார்க்கும் துளைகூட அசல்." நீளக் கட்டை கழன்று வந்தது. துண்டிலிருந்த குட்டைக் கட்டையைத் திருப்பி, அடித்தகட்டைத் திறந்து எல்லாருக்கும் காட்டினாள். "நம்பர் படிங்க. குழல்ல இருக்கிறதேதான். இதுதான் கூடப் பிறந்த மரம். வெட்டுப்பட்டிருக்கு, உண்மை. யாரு வெட்டினாங்கன்னு தெரியாத வரைக்கும் வெட்டு ஒரு குறை. கோப்பை ஜெயிச்ச ஆளே தன் தோளுக்காக வெட்டிக்கிட்டதுன்னு தெரிஞ்சா, அந்த வெட்டுதான் இதுல இருக்கிற மத்த எல்லாத்தையும்விட விலை."

திருகுகளை இறுக்கி, அம்மாவிடம் நீட்டினாள்.

மறுபடி சுவர்ப் பக்கம். மறுபடி சுண்டுவிரல். மறுபடி இடத் தோள்.

இடக்கைக்காரர் துப்பாக்கியை ஏந்தினால் கன்னம் கட்டையின் வலப்பக்கத்தில் படியும். அந்தக் கட்டையின் வலப்பக்கத்தில் ஒரு குழி உண்டு. அரம் தொடங்கி வைத்து, கன்னம் தேய்த்து முடித்த குழி. அம்மாவின் முகம் அதில் போய் உட்கார்ந்தது. தேடவில்லை, சரிசெய்யவில்லை. குழல் அசையாமல் நின்றது. அப்பா சோறு தின்றது, கையெழுத்துப் போட்டது, பிள்ளைகளை அறைந்தது எல்லாமே வலக்கையால்.

கூடத்தில் யாரும் இருமவில்லை.

செயலாளர்தான் முதலில் மீண்டார். ஆண்டுக்கணக்காகக் கூட்டம் நடத்தியவர் அல்லவா.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா தோளுக்குப் பொருந்தினா மட்டும் கோப்பை வந்துடுமா? ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை சங்கத்துக்கு வாங்க. அட்டை வைக்கிறேன். பத்துத் தோட்டா. எல்லார் முன்னாடியும் சுட்டுக் காட்டுங்க. நானே கை தட்டறேன்."

நியாயமாகத்தானே தெரிகிறது? கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையசைத்தார்கள். அம்மாவின் இடக்கண்ணில் புரை விழுந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. செயலாளருக்குத் தெரியும். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனதே அவர் மனைவிதான்.

"அம்மா, ஒத்துக்காதீங்க," என்றாள் மகள், மெல்ல.

அம்மா துப்பாக்கியை இறக்கினார்.

"எதுக்குத் தம்பி சுடணும்?"

"ஒரு நிரூபணத்துக்கு அண்ணி."

"உங்க சங்கத்துச் சுவத்துல எத்தனை ஆம்பளைங்க படம் இருக்கு. மாட்டும்போது ஒருத்தரையாவது வயசான காலத்துல கூப்பிட்டு, திரும்பச் சுடு, அப்பத்தான் நம்புவேன்னு சொன்னீங்களா? இவரோட படத்தை மாட்டினீங்களே, இவரைச் சுடச் சொன்னீங்களா?"

"அதெப்படி அண்ணி, அவர் பேரு அட்டையில..."

"அதான் கேக்கறேன். அவருக்குப் பேர் போதும். எனக்கு மட்டும் பத்துத் தோட்டாவா? சுட மாட்டேன். கண்ணு நல்லா இருந்தாலும் சுட மாட்டேன். ஒரு தடவை சுட்டாச்சு."

சுத்தியல் தொண்டையைக் கனைத்தார். "நான் ஒண்ணும் சொல்லல. இவ்வளவு நேரம் எனக்குத் தோணல, அவ்வளவுதான்."

அப்போதுதான் அண்ணன் எழுந்தான். அவன் முகம் சிவந்திருந்தது; ஆனால் குரல் உடைந்துதான் வந்தது.

"செத்துப் போன மனுஷனைத் திருடன்னு சொல்ல எப்படிம்மா மனசு வருது உனக்கு?"

"திருடன்னு யாருடா சொன்னது? என்கிட்ட கேட்டுத்தான் பேரைப் போட்டார். அப்போ சங்கத்துக்குள்ள பொம்பளை டீ கொண்டு வரலாம், சுடக் கூடாது. உங்கப்பாவுக்குப் போட்டின்னா கை உதறும். வந்த அட்டை அப்படியே மேசையில கெடந்துச்சு. சங்கத்துக் கூடத்துக் கதவைச் சாத்தினாங்க, நான் சுட்டேன். உங்கப்பா வெளிய நின்னு டீ போட்டார். நல்ல டீ. அதுல அவரைக் குறை சொல்ல முடியாது."

யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"அடுத்த வருஷம் உன் பேர்லயே அனுப்பிடலாம்னார். மனசாரத்தான் சொன்னார். அதுக்குள்ள சங்கத்து வெற்றிப் பலகையில அவர் பேரை எழுதிட்டாங்க. மாலை போட்டாங்க, பேசச் சொன்னாங்க. அப்புறம் அழிக்க அவருக்குத் துணிச்சல் வரல. துப்பாக்கி பீரோவுக்குள்ள போச்சு. நானும் கூடவே போனேன்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். நீ பள்ளிக்கூடத்துல அப்பாவைப் பத்திக் கட்டுரை எழுதின அன்னைக்குச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சே. உங்கப்பாவும் சிரிச்சார். நானும் சிரிச்சுட்டுத் தட்டு கழுவப் போயிட்டேன்."

அவன் உட்கார்ந்தான். எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவனைப் போல நெற்றியைத் தேய்த்தான். நினைவு வந்துவிட்டது என்பது அவன் கை நின்றதில் தெரிந்தது.

"முதலாளி," என்றார் அம்மா. "இந்தச் சாமான் இப்ப எனக்கும் பிள்ளைங்களுக்கும் பொது. என் சம்மதம் இல்லாம ஏலத்துக்குப் போகாது, சரிதானே?"

"போகாதும்மா."

"எனக்குச் சம்மதம் இல்ல. சங்கத்துக்கு வேணும்னா எடுத்துக்கட்டும், சும்மாவே குடுக்கறேன். பலகையைத் திருத்தி எழுதிட்டு வந்து எடுத்துக்கட்டும்."

செயலாளர் கோட்டின் பித்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார். "பலகையை நினைச்ச மாதிரி திருத்த முடியாது அண்ணி. சாட்சி வேணும்."

"இருக்கே," என்றார் அம்மா. "தபால் அட்டைக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்து உண்டு. சுடும்போது பக்கத்துல ஒருத்தர் நிக்கணும்னு விதி. அன்னைக்குக் கதவைச் சாத்தினது யாரு தம்பி?"

இதுவரை எல்லாருடைய கண்ணும் துப்பாக்கியில் இருந்தது. இப்போது அது கோட்டுக்கு மாறியது.

"ரொம்ப நாள் ஆச்சு அண்ணி."

"ஆமா. அதான் நாம ரெண்டு பேரும் இருக்கும்போதே கேட்டுடலாம்னு வந்தேன்."

"ஞாயித்துக்கிழமை கமிட்டி இருக்கு. அங்க பேசிக்கலாம்."

"கமிட்டியில பொம்பளை யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப யாரோட யாரு பேசிக்கப் போறீங்க?"

செயலாளர் விடைபெறாமல் வெளியேறினார். கதவு சாத்தும்வரை அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய் சொல்ல ஒரு நொடி போதும். அவர் அதைச் சொல்லாமல் போனதை அந்தக் கூடத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

மகள் குறிப்பு எழுதும் தாளை இழுத்தாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"அசல் கட்டை. எண்கள் மூன்றும் ஒன்றே. உயரம் குறைந்த இடக்கைக்காரருக்காகக் குறைக்கப்பட்டது. குறைத்தவரும் சுட்டவரும் என் தாய். விற்பனைக்கு அல்ல."

"கமிட்டியில இருக்கிற ஒம்பது பேர்ல, அப்பா இடத்துல இப்ப நானும் ஒருத்தன்," என்றான் அண்ணன். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து, காரின் சாவியை மேசையில் தேடி எடுத்து, அம்மாவுக்காக நிற்காமல் நடந்தான். எந்தப் பக்கம் கை தூக்கப் போகிறான் என்பதை அவன் முதுகு சொல்லவில்லை.

அம்மாவும் கேட்கவில்லை. "பஸ் இருக்கில்ல?" என்றார் மகளிடம்.

வாசகர்களே, அவன் ஓட்டு அவன் கையில். உங்கள் ஓட்டு உங்கள் கையில். உங்கள் வீட்டிலும் ஒரு பலகை இருக்கிறது. கடை வாசலிலோ, கேடயத்திலோ, பத்திரத்திலோ, "எல்லாம் அவர் உழைப்பு" என்று விருந்தாளியிடம் நீங்கள் சொல்லும் வாக்கியத்திலோ. அதற்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள். என்றாவது அவள் "அதைச் செய்தது நான்" என்று சொல்வாள். அன்று அவளிடம் சாட்சி கேட்காதீர்கள், பத்துத் தோட்டா கொடுத்துச் சுடச் சொல்லாதீர்கள். அவள் பேச்சுக்கு 'என்னென்னவோ' என்று பெயர் வைக்காதீர்கள். மாலை வாங்கிக்கொண்ட கழுத்திடம் கேளுங்கள் சாட்சியை. அவள் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த இதழை மூடி வையுங்கள், எழுந்து போங்கள், அவளிடம் நீங்களே கேளுங்கள். கேட்டதும் பலகையை இறக்குங்கள்.